சதவீதக் கணக்குப் பயிற்சியில் விடுபடும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் என்னிடம் கணக்குப் படிக்க வருகிறார்கள். சென்ற ஆடி மாதத்தில் அவர்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தியாகராய நகரில் வாங்கிய சுடிதாரின் ரசீதை எடுத்துவந்து காட்டினாள். அதன் விலை 2,000 ரூபாய். கடையில் ‘50% + 20% தள்ளுபடி’ என்று எழுதியிருந்ததால் 600 ரூபாய்தான் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ரசீதிலோ 800 ரூபாய் என்றிருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவளுடைய அம்மாவுக்கு ஒரே கோபமாம்.

ரசீதில் பிழை ஏதும் இல்லை. முதல் தள்ளுபடி 2,000 ரூபாயின் மீது. இரண்டாவது, மீதமிருந்த 1,000 ரூபாயின் மீது. அந்தப் பெண்ணின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினேன். ‘இத்தனை ரூபாயில் 15% காண்க’ என்ற வகைக் கணக்குகள் பக்கம் பக்கமாகப் போடப்பட்டு, எல்லாமே சரி என்று குறியிடப்பட்டிருந்தன. பெருக்கவும் நூறால் வகுக்கவும் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ‘எதன் மீது இந்தச் சதவீதம்?’ என்று கேட்டுப் பார்க்கத்தான் அவளுக்கு யாரும் பழக்கவில்லை.

நம் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பில் சதவீதமும் தனிவட்டியும் வருகின்றன. எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ என்ற தலைப்பில் இலாபம், நட்டம், தள்ளுபடி, கூட்டுவட்டி எல்லாம் வந்துவிடுகின்றன. ஆகவே பாடத்தில் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரே வகைக் கணக்கைப் பத்து முறை அடுத்தடுத்துப் போடவைக்கும் நமது பயிற்சி முறையைப் பற்றியே சொல்கிறேன். முதல் கணக்கில் எந்த எண்ணை எதனால் பெருக்கினோமோ அதையே மற்ற ஒன்பதிலும் செய்தால் விடை வந்துவிடும்போது, பிள்ளை யோசிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. இயந்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலை பத்து சதவீதம் இறங்கும் என்றே என்னைச் சுற்றியிருந்த பலரும், படித்தவர்கள் உட்பட, பேசிக்கொண்டார்கள். வரிக்கு முன் 30,000 ரூபாய் மதிப்புள்ள ஏ.சி.யின் விலை, 38,400 ரூபாயிலிருந்து 35,400 ரூபாயாகக் குறையும். இந்த 3,000 ரூபாய், பழைய விலையில் ஏறக்குறைய 7.8 சதவீதம்தான். வரி அடிப்படை விலையின் மீது கணக்கிடப்படுகிறது. நாம் ஒப்பிடுவதோ வரி சேர்ந்த விலையோடு. எட்டாம் வகுப்பில் அரை மணி நேரம் பேசவைக்க இந்த ஒரு கணக்கே போதும்.

வட்டியில் இந்தக் குழப்பம் குடும்பங்களையே வதைக்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா, வெளியில் ‘மூன்று பைசா வட்டிக்கு’ 30,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். கையில் நகை இருக்கிறதே, வங்கியில் ஒன்பது சதவீதத்துக்கு அடகு வைத்திருக்கலாமே என்று கேட்டேன். “ஒன்பதைவிட மூணு கம்மிதானேம்மா?” என்றார். ரூபாய்க்கு மூன்று பைசா என்பது மாத வட்டி; ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கியில் ஆண்டுக்கு 2,700 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் அவர் 10,800 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக் கணக்கில் ‘ஆண்டு வட்டி வீதம் 9%’ என்று பழகும் பிள்ளை, வீட்டில் காதில் விழும் ‘பைசா வட்டி’யும் அதே பாடம்தான் என்று அறிய வேண்டாமா?

மனக்கணக்குப் பயிற்சியும் மீண்டும் வர வேண்டும். கால் என்றால் 25 சதவீதம், அரைக்கால் என்றால் பன்னிரண்டரை, வீசம் என்றால் ஆறேகால், மா என்றால் 5 சதவீதம். நம் முன்னோர் வாய்ப்பாடாகவே சொல்லி வைத்திருந்த பின்னங்கள் இவை. 18 சதவீதம் வேண்டுமென்றால் 20 சதவீதத்தைக் கண்டு அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். 75-இல் 4 சதவீதமும் 4-இல் 75 சதவீதமும் ஒன்றே என்று கண்டுகொள்ளும் பிள்ளையின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனவே, பள்ளிக் கல்வித் துறைக்கும் கணித ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளையாவது மளிகை ரசீது, நகைக்கடை ரசீது, அடகுச் சீட்டு ஆகியவற்றை வகுப்பில் வைத்து, பல வகைக் கணக்குகளையும் கலந்து கொடுங்கள். விடை எழுதும் முன், ‘இந்தச் சதவீதம் எதன் மீது?’ என்பதற்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.