காட்டோரம் துருப்பிடிக்கும் திருட்டு வண்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனகபுரா சாலையில் துரஹள்ளி, தெற்கே பன்னேர்கட்டா பூங்காவின் ஓரம், வடக்கே ஹெசரகட்டா புல்வெளி என்று பெங்களூரைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பச்சை மிஞ்சியிருக்கிறது. திருடிய வண்டியை மறைத்துவைக்க இப்படிப்பட்ட இடங்கள்தான் வசதி. தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள் நூறு அடி தள்ளிவிட்டால் போதும், வெளியே தெரியாது. குப்பை மூட்டையாக இருந்தால் யாராவது தூக்கிப் போட்டுவிடலாம். திருட்டு வண்டி ஒரே நேரத்தில் கழிவு, வழக்குச் சான்று, இன்னொருவரின் சொத்து. அதனாலேயே அதில் கைவைக்க எல்லாரும் தயங்குகிறார்கள்.

புதருக்குள் வண்டியைக் கண்டவர்கள் முதலில் சக்கரத்தையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்து, வண்டி முழுசாக நின்றால், அது 'ஆறவிட்ட' வண்டியாக இருக்கலாம். ஜிபிஎஸ் கருவி இருக்கிறதா, உரிமையாளர் தேடி வருகிறாரா என்று பார்க்க, திருடியவர்கள் சில நாள் ஓரமாக விட்டுவைப்பார்கள். எடுக்கத் திரும்பி வருவார்கள் என்பதால் அங்கே நிற்கக்கூடாது. நடந்துகொண்டே இரண்டு படம் எடுத்து, மேப்பில் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகிவிட வேண்டும். தைரியம் காட்டுகிற இடம் இதுவல்ல. சக்கரம், பேட்டரி, சைலன்சர், விளக்குகள் எல்லாம் போய் வெறும் கூடு மட்டும் இருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதற்கு அடியில் உள்ள புல்லே சாட்சி. பச்சையாக இருந்தால் ஓரிரு நாள்தான். வெளுத்து மஞ்சளாகியிருந்தால் ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

கதவுக் கைப்பிடி, ஸ்டியரிங், கண்ணாடி, டிக்கி எதையும் தொடக்கூடாது, கைரேகை போய்விடும். டயர் தடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து எடுத்தால் அளவு தெரியும். அவசரம் என்றால் 112, வனத்துறைக்கு 1926. இரண்டுக்குமே சொல்வது நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடையாளம் காண நம்பர் பிளேட்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான வண்டிகளில் வரும் உயர்பாதுகாப்புப் பிளேட்டைத் திருகிக் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பிளேட்டை உடைக்கிறவர்கள் முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டிய ஸ்டிக்கரைப் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். பதிவு எண்ணும் இரண்டு பிளேட்டுகளின் லேசர் எண்ணும் அதில் இருக்கும். அதுவும் இல்லையென்றால், வண்டியின் உடற்சட்டத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண். பைக்கில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் இருக்கும். காரில் என்ஜினுக்குப் பின்னாலுள்ள தகட்டிலோ, முன் இருக்கைக்கு அடியில் தரையிலோ இருக்கும். 17 இடங்கள் கொண்டது, ஐ, ஓ, கியூ என்ற எழுத்துகள் வராது. எம்ஏ3 என்று தொடங்கினால் மாருதி, எம்ஏஎல் என்றால் ஹூண்டாய், எம்டி2 என்றால் பஜாஜ், எம்டி6 என்றால் டிவிஎஸ். முழு எண் கிடைத்தால், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் அது திருட்டு வண்டியா என்று போலீஸ் மட்டுமல்ல, பொதுமக்களும் தேடலாம். ஒரு எச்சரிக்கை: எண் துருவில் மறைந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணைக் குத்தும்போது அடியிலுள்ள உலோகமும் அழுந்தியிருக்கும். மேலே ராவி அழித்தாலும் தடயவியல் கூடத்தில் அமிலம் தடவி அதை மீட்க முடியும். நாம் தேய்த்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இந்த எண்ணுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த நொண்டிச்சாக்கு ஒன்று: போலீஸ் 'அது வனத்துறை இடம்' என்பார்கள், வனத்துறை 'அது திருட்டு வழக்கு' என்பார்கள். இதில் கொஞ்சம் சட்டச் சிக்கலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கைவிடப்பட்ட வண்டியைப் போலீஸ் இழுத்துச் செல்லலாம். ஆனால் பொது இடம் என்றால் மக்களுக்குப் போக உரிமையுள்ள இடம். காப்புக்காட்டின் உட்பகுதி அதில் வருமா என்று வாதிட இடமிருக்கிறது. இந்த வாதமே தேவையில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று சந்தேகம் எழுந்தாலே எந்தப் போலீஸ் அதிகாரியும் கைப்பற்றலாம் என்கிறது. காடா ரோடா என்று அது கேட்பதில்லை. அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம்தான் சேஸிஸ் எண். மனு எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, நகலை வனச்சரக அலுவலருக்கும் அனுப்பினால் இரு துறையும் ஒன்றையொன்று கைகாட்ட முடியாது.

கைப்பற்றிய பிறகுதான் அடுத்த தேக்கம். உரிமையாளர் யார் என்று தெரியாவிட்டால், அதே சட்டத்தின் 503ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஆறு மாத அறிவிப்பு கொடுத்துக் காத்திருக்கலாம். தெரிந்துவிட்டால் வேகம் பிடிக்கலாம். 497ஆம் பிரிவின்படி 14 நாளில் பொருளின் விவர அறிக்கை, படமோ வீடியோவோ எடுத்தல், அதன்பின் 30 நாளில் ஒப்படைக்கவோ ஏலம் விடவோ உத்தரவு. வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் மழையில் நனைந்து மட்கும் வண்டிகள் இல்லாத ஸ்டேஷனைக் காட்டுங்கள் பார்ப்போம். இதில் இன்சூரன்ஸ் ஒரு முடிச்சு. வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் சி ரிப்போர்ட் போட்டு, கம்பெனி உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டால், வண்டி பிறகு கிடைத்தாலும் அது கம்பெனியுடையது. சக்கரமில்லாத கூட்டை எடுத்துப்போகக் கம்பெனிக்கு ஆர்வமிருக்காது. கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று அதே சுந்தர்பாய் தீர்ப்பு சொல்வதைப் பிடித்துக்கொள்ளலாம்.

கிடக்கும் ஒவ்வொரு நாளும் மண்ணுக்குக் கேடு. சின்னக் காரிலேயே என்ஜின் ஆயில் ஏறக்குறைய 3 லிட்டர் இருக்கும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டும் சில லிட்டர் இருக்கும். கூலண்ட் இனிக்கும், நாயும் நரியும் நக்கிச் சாகும். டயரில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் தாக்குப்பிடித்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து செம்பு. ஒயர்க்கட்டை எரித்துச் செம்பு எடுக்க பிப்ரவரி, மார்ச்சில் யாராவது தீ வைத்தால், காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும் சேர்ந்து குன்றையே பிடித்துக்கொள்ளும்.

மகஜர் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு) முடிந்து எடுக்கும்போது டிராக்டரில் கட்டித் தரதரவென்று இழுப்பதுதான் வழக்கம். இழுத்த தடத்தில் என்ஜின் அடியிலுள்ள ஆயில் சட்டி கிழிந்து எண்ணெய் கோடு போடும், மழை வந்ததும் அந்தத் தடமே ஓடையாக அரிக்கும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் தட்டு வைத்து ஆயிலையும் கூலண்டையும் இறக்க வேண்டும். பழைய சக்கரங்களை மாட்டி, கீழே பலகை போட்டு, பாதையில் நிற்கும் வண்டியிலிருந்து விஞ்ச் கயிற்றால் மெதுவாக இழுக்கலாம். ஈரம் காய்ந்த பிறகு செய்வது நல்லது. எண்ணெய் ஊறிய மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் எண்ணெய் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். கடைசியில் கூடு போக வேண்டியது பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்கு. குஜரிக் கடைக்கு (பழைய இரும்புக் கடை) போனால் அதன் சேஸிஸ் எண் இன்னொரு திருட்டு வண்டியில் ஏறும்.

  

வண்டி உள்ளே வராமல் தடுப்பது மலிவான வேலை. குவாரியில் கழித்துப் போட்ட பெரிய கற்களை, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதையும்படி, 1.2 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டால் காரும் ஆட்டோவும் நுழையாது. புதைக்காமல் மேலே வைத்த கல்லை ஒரு கடப்பாறையும் நாலு பேரும் உருட்டிவிடுவார்கள். பைக்கைத் தடுக்க ஆள் மட்டும் வளைந்து போகும் கதவு வேண்டும். குழி வெட்டுவதானால் சரிவின் போக்கில் வெட்டக்கூடாது, மழைநீர் அதையே வாய்க்காலாக்கிவிடும். பன்னேர்கட்டா பக்கம் யானை நடமாடுவதால் வனத்துறையைக் கேட்காமல் கல்லும் நடக்கூடாது, குழியும் வெட்டக்கூடாது. தீயணைப்பு வண்டி போக ஒரு கேட் கட்டாயம், அகலம் 4 மீட்டராவது இருக்கட்டும். அந்த கேட்டுக்கு ஒரே பூட்டு போட்டால் தீப்பிடித்த அன்று சாவி கிடைக்காது. வனத்துறை, தீயணைப்பு, போலீஸ் மூவரின் பூட்டுகளையும் ஒரே சங்கிலியில் ஒன்றோடொன்று கோத்துவிட்டால், யார் வந்தாலும் தன் பூட்டைத் திறந்து உள்ளே போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கனகபுரா சாலை, பெங்களூரு