ஆண்டறிக்கை: பெட்டகத்தில் கிடந்த கையெழுத்துகள்

அய்யாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். வரவு செலவு தணிக்கை முடிந்து பலகையில் ஒட்டியாயிற்று, சந்தா பாக்கிக்குப் பொருளாளரைப் பாருங்கள். இந்த வருஷம் நாம் மனசு வைத்துச் செய்தது பழைய பத்திரங்களில் முன்னோர் கையெழுத்தைத் தேடிய வேலைதான், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் நகரத்தாரில் மூத்த பிள்ளைக்கு அப்பச்சியை, அதாவது தகப்பனாரைப் பெற்ற அய்யா பேரை வைப்பது வழக்கம். அண்ணன் தம்பி இருவரும் அப்படி வைத்தால் இரண்டு வீட்டிலும் ஒரே பேர், கடைக்குப் போடும் முன்னெழுத்தான விலாசமும் ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. அப்புறம் ரங்கூனிலிருந்து வந்த ஒரு புரோநோட்டில், அதாவது கடன் பத்திரத்தில், அந்தப் பேர் இருந்தால் அவர் எந்த வீட்டுப் பாட்டையா? இரண்டு பங்காளி வீடுகள் இதை ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரு வீட்டுப் பெட்டகத்திலிருந்தும் இசைகுடிமானத்தை எடுக்கச் சொன்னோம். கல்யாணத்தில் இரண்டு பக்கத்து அப்பச்சிமாரும் கையெழுத்துப் போடும் ஏடு அது, ஊரும் கோயிலும் அதிலேயே இருக்கும் என்பதால் யார் கை என்பதில் சந்தேகமே வராது. பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒருவர் புள்ளியே வைக்கவில்லை, ஓலையில் எழுதக் கற்ற கை. மற்றவர் கடைசி 'ன்'னின் வாலைப் பேருக்கு அடியில் நீளமாக இழுத்துவிட்டிருக்கிறார், புரோநோட்டிலும் அதே இழுப்பு. பார்த்த ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

அந்தப் புரோநோட்டில் வருஷம் பிரமோதூத என்று மட்டும் இருந்தது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பேர் திரும்பி வரும், 1870-லும் வந்தது, 1930-லும் வந்தது. ஒட்டியிருந்த ஸ்டாம்பில் ஐந்தாம் ஜார்ஜ் தலை, அவர் பட்டத்துக்கு வந்தது 1910-ல், ஆகவே 1930 என்று முடிவானது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்தில் முதலாளி விலாசத்தைப் போட்டு ஏஜெண்டு கையெழுத்திடுவது உண்டு. விலாசம் நம்முடையது என்பதற்காக நம் அய்யா கை என்று சொல்லிவிடக் கூடாது, குறைந்தது இன்னொரு தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஏஜெண்டைச் சம்பளத்துக்கு அமர்த்தும்போது எழுதும் சம்பளச்சீட்டு எங்கள் வீட்டில் இருந்தது, அதில் ஒன்றில் கிழிசலுக்கு நான் செல்லோடேப் ஒட்டினேன். பசை மஞ்சளாகி மையையும் சேர்த்துத் தின்றுவிட்டது, கையெழுத்தில் பாதி போய்விட்டது. தயவுசெய்து யாரும் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய தாள்களைச் சேர்த்துக் காப்பாற்றியதால்தான் இன்று சென்னையில் அவர் பேரில் நூலகம் இருக்கிறது. நம் ஊரிலோ வீட்டைப் பிரிக்கும்போது தேக்குத் தூணுக்கு விலை பேசுகிறோம், தாள்கள் எடைக்குப் போகின்றன. போன ஆடியில் ஒரு வீட்டுப் பேரேடுகள் அப்படித்தான் போயின, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

தை மாதக் கூட்டத்துக்கு வரும்போது இசைகுடிமானம், சீர்முறைகளை எழுதிய முறைச்சிட்டை, பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) பத்திரம், எது இருந்தாலும் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னாலேயே படம் எடுத்துவிட்டுக் கையில் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்