தயங்குவது மக்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மனநலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: "வசதிகள் வந்துவிட்டன, மக்களிடம்தான் இன்னும் தயக்கம் போகவில்லை." அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. எழுதியவரை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டுங்கள்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். கல்லூரியில் சேர்ந்த வருடம் ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்கே தெரியும். கேட்பவர்களுக்கு அம்மா நோயின் பெயரோடு சொல்லிவிடுவார். மறைக்கவும் இல்லை, மந்திரிக்க அலையவும் இல்லை. முதல் மாதமே டாக்டரிடம்தான் போனோம். அதனால் தயக்கம் என்ற சொல்லை எங்கள் வீட்டு வாசலில் வைக்காதீர்கள். எங்களைத் தடுப்பது பஸ்.

மனநல டாக்டர் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நாங்கள் இரண்டு பஸ் மாற வேண்டும். தம்பிக்கு ஜன்னலோரம் கிடைத்தால்தான் ஏறுவான். கூட்டம் நெருக்கினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவான், அன்றைய பயணம் அத்தோடு சரி. எனக்கு விடுப்பு போகும், அப்பாவுக்குக் கூலி போகும். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், டாக்டர் அறை எக்ஸ்ரே அறையை ஒட்டிய நடைபாதையின் கடைசியில். ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம், லிஃப்ட் சத்தம், எல்லோர் முன்னாலும் பெயரைக் கூவி அழைக்கிற சத்தம். காதுக்குள் ஏற்கெனவே குரல் கேட்கிறது என்று சொல்பவனை அங்கே இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அந்த இடத்தை ஒதுக்கியவர்கள் இந்த நோயோடு இருக்கும் ஒருவரையாவது கூப்பிட்டு, எங்கே உட்கார வைத்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று கேட்டிருப்பார்களா? பிறகு மருந்து ஜன்னல். சீட்டில் ஒரு மாதத்துக்கு எழுதியிருக்கும். "பாதிதான் ஸ்டாக், மிச்சத்தை வெளியே வாங்கிக்கோங்க."

மருத்துவமனையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கிருக்கும் அந்த ஒரே டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் பார்க்கிறார் அவர்.

இனிமேல் சொல்லப் போவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அதே வீட்டில், என் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில், எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் பையோடு வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறார், மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார், நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். அம்மா பஸ் ஏறியே வெகுகாலம் ஆகிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். அந்தப் பெண் பையைத் திறக்கும்போது தம்பி ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து நிற்பான். அவனுடைய மாத்திரை அதில் இருப்பதில்லை. வீடு ஒன்று, திண்ணை ஒன்று. ஒருவருடைய நோய்க்கு அரசாங்கம் நடந்து வருகிறது, இன்னொருவர் அரசாங்கத்தைத் தேடி நடக்க வேண்டும். இதில் தயக்கம் யாரிடம் இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. தம்பி சில மாதம் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்திருந்து துப்பிவிடுவான். அதற்காக டாக்டர் ஊசி எழுதினார். உடம்பில் மெல்ல மெல்லக் கலந்து சில வாரம் வேலை செய்யும் ஊசி. அதைப் போட மனநல டாக்டர் வேண்டியதில்லை, நர்ஸ் போதும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நான் அங்கன்வாடி ஊழியர். புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் செவிலியரோடுதான் எனக்கு வேலை. கேட்டுப் பார்த்தேன். "மருந்தும் ஆர்டரும் வரட்டும், நான் போடமாட்டேன்னா சொல்றேன் அக்கா?" என்றார். மருந்தும் வரவில்லை, ஆர்டரும் வரவில்லை. அந்த ஓர் ஊசிக்காக மறுபடியும் இரண்டு பஸ்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18-ஆம் பிரிவு. மனநோய் உள்ளவரை நெடுந்தூரம் அலைய விடக்கூடாது, அவர் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் வட்டார அளவிலான சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், இப்படிப்பட்ட குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிப்பதாகவும், அதில் பெரும்பகுதி சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் போவதாகவும் இருக்கிறது. போக்குவரத்துக்கு, ஐயா.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. மாவட்ட அளவிலேயே மனநல சிகிச்சை கொடுப்பதற்கான மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி. புதுக்கோட்டை கிராமங்களுக்கு சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு ஒரு பஸ்ஸையே அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு அறை, திரையில் சென்னை டாக்டர், அங்கேயே மருந்து, பணம் கிடையாது. நம் ஊரில் ஒரு யோசனை நன்றாக வேலை செய்தால் அதற்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, அந்த ஒரு மாவட்டத்திலேயே விட்டுவிடுகிறோம். பக்கத்து மாவட்டத்துக்கு அது வருவதில்லை.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் இருக்கிறார். அவரிடம் சிகிச்சைக்கு வர வேண்டிய ஒரு பெண் பஸ்ஸுக்குக் காசில்லாமல் வர முடியாமல் போய், உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் குடும்பம் தயங்கியது என்று அவர் கட்டுரை எழுதவில்லை. அந்தந்தப் பகுதியிலேயே இருக்கும் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்து மரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். மனச்சோர்வோடு வருபவர்கள் அவர்களிடம் பேசினார்கள். பலன் இருந்ததை 2016-இல் முறையான ஆய்வே காட்டியது. தம்பியின் நோய்க்குப் பெஞ்சும் பேச்சும் மட்டும் போதாது, மருந்து வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் காசில்லாதவர் இருக்கும் இடத்துக்குச் சிகிச்சை போக வேண்டும் என்று அங்கே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஏர்வாடியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே தர்கா பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் பத்திரிகைகள் மூடநம்பிக்கை என்று எழுதி முடித்துவிடுகின்றன. மனநோய் உள்ளவர்களைத் தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் ஏன் கூட்டிப் போகிறார்கள் என்று அந்த ஜனங்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே நாளும் தேதியும் பார்க்காமல் "வாங்க, இருங்க" என்று சொல்ல ஆள் இருக்கிறது. அரசாங்கம் அந்த ஒரு சொல்லைப் பக்கத்து ஊரில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் அங்கே போயிருக்க மாட்டார்கள்.

உங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. நீண்டநாள் வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன். தற்கொலைச் செய்தியில் எப்படிச் செத்தார் என்பதைத் தலைப்பிலேயே போடுகிறீர்கள். எங்காவது ஒரு குற்றம் நடந்தால், டாக்டர் யாரும் பரிசோதிக்கும் முன்பே "மனநோயாளி வெறிச்செயல்" என்று போடுகிறீர்கள். தம்பி பேப்பர் படிப்பவன், ஐயா. அன்று முழுக்க அவன் சாப்பிட மாட்டான்.

டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி, 14416 எண்ணை நானே பயன்படுத்தியிருக்கிறேன். நள்ளிரவில் எடுத்தார்கள், தமிழில் பொறுமையாகப் பேசினார்கள், அன்று இரவு அது பெரிய ஆறுதல். ஆனால் போனில் மாத்திரை வராது.

உங்களிடம் கேட்பது இதுதான். மின்தடை அறிவிப்பு போடுகிறீர்களே, எந்த ஊரில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று. அதே போல மாதத்தின் முதல் நாளில், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குழு எந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது, எத்தனை மணி வரை இருக்கும் என்று ஒரு கட்டம் போடுங்கள். கீழே 14416 எண்ணையும் படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள். விடுமுறையால் தேதி மாறினால் அதையும் போடுங்கள். மாறியது தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறோம். தகவலை நீங்கள் கேட்டால் அதிகாரிகள் கொடுப்பார்கள், நான் கேட்டால் கொடுப்பதில்லை. முடிந்தால் உங்கள் நிருபர் சுகாதாரத் துறையிடம் இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: தொடர் சிகிச்சையில் இருப்பவர்களின் மாத்திரையை வீட்டுக்கு வரும் அந்தப் பையிலும், ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எப்போது வைப்பீர்கள்? அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடுங்கள்.

அரசுப் பணியில் இருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடி ஊழியர்,
தென் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து