முதலாளி பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியக் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தும்போதெல்லாம் பிடிபட்ட அந்நியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை தவறாமல் செய்தியில் வருகிறது. அவர்களை வேலைக்கு வைத்திருந்தவர் யார் என்ற வரியைத்தான் நான் தேடுவேன். பல நாள் அது இருப்பதில்லை.

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சம்பளப் புத்தகம் எழுதிய கிராணி நான். ஆள் கொண்டுவந்து வேலை வாங்கும் குத்தகைக்காரருக்கு டன் கணக்கில் காசோலை போகும். குலை வெட்டியவன் கைக்கு அதில் எவ்வளவு சேர்ந்தது என்பதற்கு என் புத்தகத்தில் பத்தியே கிடையாது. பெர்மிட் என்ற வேலை அனுமதி இல்லாதவன் கூலி குறைந்தாலும், மட்டை விழுந்து தோள் முறிந்தாலும் தொழிலாளர் அலுவலகப் படியேற மாட்டான். அவன் மலிவாகக் கிடைப்பதற்கு முதல் காரணம் அந்தப் பயம்தான். ஊர் வறுமையெல்லாம் அப்புறம்.

"உள்ளூர்க்காரர்கள் சோம்பேறிகள்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. நம் பையனை எடுத்தால் அதைக் கொடுக்கவேண்டும். சேமநிதியும், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் கட்டவேண்டும். பெர்மிட்டோடு வரும் அந்நியருக்கோ 2018 முதல் லெவி என்ற அரசு வரியை முதலாளியே கட்டவேண்டும். இவை எதுவும் இல்லாத ஆள் வாசலில் நிற்கும்போது குத்தகைக்காரர் யாரை லாரியில் ஏற்றுவார்?

குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவின்படி, இப்படி வேலைக்கு வைப்பவருக்கு ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. ஐந்து பேருக்கு மேல் என்றால் பிரம்படி வரை போகும். அந்தப் பிரம்பு தூசி படிந்துகிடக்கிறது என்பது என் சந்தேகம்.

பிடிபடுகிறவர்கள் எல்லோரும் படகில் திருட்டுத்தனமாக வந்தவர்களும் அல்லர். ஏஜெண்டுக்குக் கடன்பட்டுப் பணம் கட்டி, முறையாக விமானத்தில் வந்திறங்கியவர்கள் அவர்களில் உண்டு. பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் புதுப்பிக்க மறந்தாலும், கொடுமை தாங்காமல் இவன் ஓடினாலும் சட்டவிரோதக் குடியேறி என்ற பெயர் இவனுக்குத்தான். 2011இல் 6P திட்டம், 2016இல் மறுவேலைத் திட்டம், 2020இலும் 2023இலும் மறுசீரமைப்பு என்று அரசு கட்டணம் வாங்கிக்கொண்டு பெர்மிட் இல்லாதவர்களைப் பதிவு செய்கிறது. சில ஆண்டுகளில் இன்னொரு திட்டம் தேவைப்படுகிறது.

ஒரே துறைக்குள் வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளியிடமே கொடுத்துப் பார்க்கலாம். கூலி ஏறிவிடும் என்று தோட்ட நிர்வாகங்கள் முறையிடும். ஏறட்டும். உள்ளூர்க்காரர்கள் இந்த வேலைக்கு வருவார்களா மாட்டார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
தெலுக் இந்தான், பேராக்