சிப்பாயின் சுமையை எடை போடும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 26, கார்கில் வெற்றி நாள் வந்துவிட்டால் சேலத்துப் பள்ளி, கல்லூரி மேடைகளில் “நம் வீரர்கள் 40 கிலோ சுமந்து மலையேறினார்கள்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். சுமந்தது உண்மைதான். ஆனால் அதிகம் சுமப்பதைப் படையில் யாரும் பெருமையாக எண்ணுவதில்லை. எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று அறிந்தவனைத்தான் தேர்ந்தவன் என்பார்கள்.

இன்சாஸ் துப்பாக்கி வெறுமையாகவே 4 கிலோவுக்குச் சற்று மேல். ஏ.கே. ரகத்தில் 30 தோட்டா நிரப்பிய மேகசின் ஆறு என்றால் ஏறக்குறைய 5 கிலோ. கையெறி குண்டு இரண்டு, ஒன்றரைக் கிலோ. தண்ணீர் ஒரு லிட்டர். பழைய குண்டு துளைக்காத சட்டை மட்டுமே 10 கிலோ. இவ்வளவும் அவனவன் பாடு. படைக்குழுவுக்குப் பொதுவான சுமை தனி: 84 மி.மீ. ராக்கெட் லாஞ்சர் 14 கிலோ. 81 மி.மீ. மோர்ட்டாரைக் குழல், தாங்குகால், அடித்தட்டு என்று மூன்றாகக் கழற்றினாலும் ஒவ்வொன்றும் 10 கிலோவைத் தாண்டும். குண்டு ஒன்றுக்கு 4 கிலோ. அதையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுத்தான் ஏற்றுவார்கள்.

உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நடை கெடும். 60 கிலோ ஆளுக்கு 20 கிலோ. ஆகவே தாக்குதலுக்கு முன் பெரிய முதுகுப்பையைக் கீழேயே வைத்துவிடுவார்கள். கார்கிலில் பலர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் தோட்டாவை வைத்தார்கள்.

கட்டும் முறையும் உண்டு. கனமான பொருள் முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்தில் இருக்க வேண்டும். பாறை வழியானால் சற்றுத் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் குனியும்போது ஆளையே கவிழ்க்கும். காயத்துக்கான கட்டுத்துணியை எல்லோரும் தத்தம் உடையில் ஒரே இடத்துப் பையில்தான் வைப்பார்கள். அடிபட்டவனுக்கு அவனுடைய கட்டுத்துணியைத்தான் எடுப்பது வழக்கம். இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஈரமான காலுறையைச் சட்டைக்குள் மார்போடு வைத்து உடம்புச் சூட்டில் காய வைப்பார்கள். உறைகுளிரில் தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைக்க வேண்டும்: பனிக்கட்டி மேலிருந்து பிடிப்பதால் வாய்ப்பக்கம் கடைசிவரை திறக்கும். வயர்லெஸ் பேட்டரி கோட்டுக்குள். ஏறும் முன்பே ஒரு மேலுடையைக் கழற்றிவிட வேண்டும். வியர்த்தால் நின்றதும் அந்த ஈரமே உறைந்து ஆளை வாட்டும். இவ்வளவு பார்த்தும் பொருள் காலை வாருவதுண்டு. 1999-இல் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல் கண்டன.

சேலத்தில் ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் தம்பிகளுக்கு ஒன்று. மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுப் பாதையில் ஓடாதீர்கள். சுமையோடு நடக்கலாம், ஓடக்கூடாது. 10 கிலோவில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இறக்கத்தில்தான் முழங்கால் போகும், அங்கே இன்னும் நிதானம். அவசரப்பட்டால் கீழ்க்காலிலும் பாத எலும்பிலும் மயிரிழை முறிவு வரும். பட்டை தோளை அழுத்தி நரம்பு நசுங்கினால் கை தூக்க வராது. ஆள்சேர்ப்பில் கேட்பது சுமையில்லாத 1.6 கி.மீ. ஓட்டம்தான். சேர்வராயன் உச்சி 5,326 அடி. கார்கிலின் டைகர் ஹில் ஏறத்தாழ 16,500 அடி, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் பாதியளவே. அதனால்தான் படையே 9,000 அடியிலிருந்து 6 நாள், 12,000 அடிக்கு மேல் 4 நாள், 15,000 அடிக்கு மேல் 4 நாள் என்று உடம்பைப் பழக்கிய பிறகே மேலே அனுப்புகிறது. இதைத் தாவினால் நுரையீரலில் நீர் கோக்கும். உடனே கீழே இறக்காவிட்டால் ஆள் பிழைப்பது கடினம்.

தராசில் ஏறாத சுமைக்கு வருவோம். எல்லையில் இருப்பவன் மனசை அதிகம் அரிப்பது எதிரி அல்ல, வீட்டுக் கவலை: பாகப்பிரிவினை, பட்டா, கடன், அம்மாவின் உடம்பு. ‘மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்குக் கடிதம் போன காலத்தில் வீட்டுச் சண்டை போய்ச் சேருவதற்குள் சமாதானம் ஆகியிருக்கும். இப்போது வாட்ஸ்அப்பில் சூடாறாமல் போகிறது, அதுவும் காவல் பணிக்கு அரை மணி முன்பு. வீட்டார் செய்யக்கூடியது: நிலத் தகராறை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலோ, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடமோ கொடுங்கள். பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போகலாம். போர்ப்பணியிலோ சிறப்புச் சூழலிலோ இருக்கும் சிப்பாயின் வழக்கை நீதிமன்றம் ஒத்திவைக்க 1925-ஆம் ஆண்டின் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் இடம் தருகிறது. அவர் வர இயலாத நிலையை ஆட்சியரே நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கலாம். வக்கீல்களில் பலருக்கே இது நினைவில் இருப்பதில்லை.

அடுத்தது, இறந்தவனைச் சுமப்பது. மலையில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு மாற்றாட்களோடு எட்டுப் பேராவது வேண்டும். திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே 29 அன்று கார்கிலின் படாலிக் பகுதியில் வீழ்ந்தார். உடல் மீட்கப்பட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கீழே முகாமில் இன்னொரு வேலை நடக்கும். இறந்தவரின் பெட்டியைத் திறந்து, உடை, பணம், கடிதம், படம் எல்லாவற்றையும் ஒரு குழு பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பும். அந்தப் பட்டியலை எழுதியவனுக்குப் பதக்கமும் இல்லை, யாரும் அவனிடம் ஒன்றும் கேட்பதும் இல்லை.

ஊர் திரும்பியவரிடம் எதைக் கவனிப்பது? தூக்கம் கெடுதல், சுவருக்கு முதுகு காட்டியே உட்காருதல், சத்தத்துக்குத் துள்ளுதல், பேச்சு குறைதல், குடி கூடுதல். முதல் வாரம் ஒன்றும் தெரியாமல் பல மாதம் கழித்தும் தலைகாட்டும். தூங்குபவரின் தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். தீபாவளி வெடியை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போடுங்கள். டீக்கடையில் “எத்தனை பேரைச் சுட்டே?” என்று கேட்பதை நிறுத்துங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தும் பேச்சு சிகிச்சையும் இதற்கு உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம்.

2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அக்னிவீரர் (நான்காண்டுப் பணித் திட்ட வீரர்) அணிக்கு 2026 கடைசியிலிருந்து நான்கு ஆண்டு முடிகிறது. நிரந்தரமாக எடுக்கப்படாதவர்களுக்குச் சேவா நிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். திட்ட விதிப்படி ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை, அவர்களுக்கான மருத்துவத் திட்டமும் இல்லை. காயமோ, காது இரைச்சலோ, தூக்கமின்மையோ எதுவானாலும் வெளியேறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் எழுத வைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தாளில் இல்லாத நோயைப் பிறகு யாரிடமும் நிரூபிக்க முடியாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, புறநோயாளிச் சீட்டில் “படையில் பணியாற்றியவரா?” என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும். ஆத்தூர், மேட்டூர், ஓமலூர் வட்டங்களிலிருந்து வருபவர்களுக்காக மாதம் இரண்டு நாள் ஒதுக்கவும் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தினர் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.