ஒதெல்லோவிடம் இருந்தது பொறாமைதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான, ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய நாடகம் ஒன்றுக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் பொறாமைத் தீயில் வெந்து மடிந்த மாவீரன் என்று ஒதெல்லோவை வர்ணிக்கும் கட்டுரையின் அடிப்படையையே என்னால் ஏற்க முடியவில்லை. வெனிஸ் நகரத்தின் படைத்தளபதியான கறுப்பன் ஒதெல்லோ, தன் கீழ் பணிபுரியும் இயாகோவின் சூழ்ச்சியை நம்பி, மனைவி டெஸ்டிமோனாவைத் துணைத்தளபதி காசியோவோடு சேர்த்துச் சந்தேகித்துக் கொன்றுவிடுவதுதான் கதை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாடகத்தைக் கல்லூரியில் பாடமாக நடத்தியவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினால் நமக்கு வருவது பொறாமை. மனைவி வேறொருவரோடு சிரித்துப் பேசியதைப் பார்த்துக் கணவன் மனம் குமைந்தால், அதை நம் வீடுகளில் யாரும் பொறாமை என்று சொல்வதில்லை. சந்தேகம் என்கிறோம், முற்றிப்போனால் சந்தேகப் பேய் என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஜெலஸி' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் கலந்து கிடப்பதால், அகராதியைப் பார்த்து எழுதுபவர்கள் ஒதெல்லோவின் நோய்க்கும் இயாகோவின் நோய்க்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். தேர்வுத் தாள்களில் நான் திருத்தித் திருத்திச் சலித்த பிழை இது. தமிழில் வாசிக்கும் நமக்கோ அந்தக் குழப்பம் தேவையே இல்லை.

பொறாமை, அதாவது வள்ளுவர் அழுக்காறு என்று சொல்லும் அந்தக் குணம், நாடகத்தில் முழுமையாகக் குடிகொண்டிருப்பது இயாகோவிடம்தான். இத்தாலியரான சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதையிலிருந்து ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தார். மூலக்கதையில் இயாகோவின் இடத்தில் வரும் கொடிதாங்கி அதிகாரி, தளபதியின் மனைவி மீது ஆசைப்பட்டு, அது நிறைவேறாத ஆத்திரத்தில் சதி செய்கிறான். அந்த ஆசையைப் பேருக்கு ஒரு வரியில் விட்டுவைத்து, பதவி கிடைக்காத புகைச்சலை ஷேக்ஸ்பியர் முன்னால் கொண்டுவந்து வைத்தார். தனக்கு வரவேண்டிய இடம் காசியோவுக்குப் போய்விட்டது என்பதில் தொடங்கும் அந்தப் புகைச்சல், ஐந்தாம் அங்கத்தில் இயாகோ வாயாலேயே வெளிப்படுகிறது: காசியோவின் வாழ்க்கையில் அன்றாடம் தெரியும் அழகு தன்னை அசிங்கமாகக் காட்டுகிறதாம். பதவியையும் தன் மனைவியையும் பற்றி அவன் அடுக்கும் காரணங்களையெல்லாம்விட இந்த ஒரு வாக்கியமே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

ஒதெல்லோவின் பிரச்சினை வேறு. அவன் வெனிஸ் நகரத்துக்காரன் அல்லன். முதல் காட்சி முழுவதும் இயாகோவும், டெஸ்டிமோனாவை விரும்பி ஏமாந்த ரொடரிகோவும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அவன் பெயரை ஒரு முறைகூடச் சொல்வதில்லை. 'மூர்' (வட ஆப்பிரிக்கன்), 'தடித்த உதடன்' என்பவைதான் அவனுக்குக் கிடைக்கும் பெயர்கள். இதைக் கட்டுரையாளர் போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டு, நிறம் நாடகத்துக்கு ஒரு வெளிப்பூச்சு மட்டுமே, அதை நீக்கினாலும் கதை நிற்கும் என்கிறார். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியைச் சற்று நிதானமாகப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

அந்தக் காட்சியில் இயாகோ தொடக்கத்தில் எந்தக் குற்றச்சாட்டையும் சொல்வதில்லை. காசியோ அங்கிருந்து நழுவிச் செல்வதைக் கண்டு, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று தனக்குள் முணுமுணுப்பவன் போல் முணுமுணுக்கிறான். பிறகு, நீங்கள் காதலித்த காலத்தில் காசியோவுக்கு அது தெரியுமா என்று கேட்கிறான். தெரியும், எங்களுக்குள் தூது போனவனே அவன்தான் என்கிறான் ஒதெல்லோ. 'அப்படியா?' என்கிறான் இயாகோ. காசியோ நேர்மையானவன் அல்லனா என்று ஒதெல்லோ கேட்டால், 'நேர்மையானவனா, பிரபுவே?' என்பது பதில். நீ என்ன நினைக்கிறாய் என்றால், 'நினைப்பதா, பிரபுவே?' என்பது பதில். கேட்ட சொல்லையே திருப்பிக் கொடுத்துக் கொடுத்து, சொல்லாமல் விட்டதை ஒதெல்லோவே கற்பனை செய்துகொள்ளும்படி செய்துவிடுகிறான். இவ்வளவு தூரம் வரைக்கும் எந்த ஊர்க் கணவனையும் இப்படிக் கலைத்துவிட முடியும் என்று கட்டுரையாளர் வாதிடலாம்; நானும் மறுக்க மாட்டேன்.

ஆனால் அடுத்த படியை அந்நியன் ஒருவனிடம் மட்டுமே வைக்க முடியும். எங்கள் நாட்டுப் பெண்களின் போக்கு எனக்கு நன்றாகத் தெரியும், வெனிஸில் அவர்கள் கணவனிடம் மறைப்பதைக் கடவுளுக்கு மட்டுமே காட்டுவார்கள் என்கிறான் இயாகோ. அதற்கு ஒதெல்லோவின் மறுமொழி ஒரு சிறிய கேள்வி: 'அப்படியா சொல்கிறாய்?' இத்தனை போர்களை நடத்திய தளபதி, தன் சொந்த மனைவி எப்படிப்பட்டவள் என்பதை ஊர்க்காரன் ஒருவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறான். அவளுடைய ஊர், அவளுடைய இனம், அவளுடைய தகுதி ஆகியவற்றுக்குப் பொருத்தமான வரன்களை அவள் மறுத்தது இயல்புக்கு மாறானது என்று இயாகோ தொடர்ந்து சொல்லும்போது, ஒதெல்லோ அதை மறுத்துப் பேசுவதில்லை. தனியானதும், நான் கறுப்பன் என்பதாலோ, நாகரிகமாகப் பேசத் தெரியாதவன் என்பதாலோ, வயதில் இறங்கத் தொடங்கிவிட்டேன் என்பதாலோ என்று தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறான். நிறத்தை நீக்கிவிட்டால் இந்தப் பேச்சு எங்கே நிற்கும்?

மனைவியிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். அவன் விசாரிக்காமல் இல்லை. நான்காம் அங்கத்தில், இயாகோவின் மனைவியும் டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணுமான எமிலியாவை நிறுத்தி வைத்துக் கேட்கிறான். என் உயிரைப் பணயம் வைக்கிறேன், டெஸ்டிமோனா கற்புடையவள் என்று எமிலியா சொல்கிறாள். கூட்டிக்கொடுப்பவள் வேறெப்படிச் சொல்வாள் என்று அந்தச் சாட்சியைத் தள்ளிவிடுகிறான். ஆராயாமல் இயாகோவை நம்பியதும், நம்பியவளை ஐயுற்றதும் ஒருங்கே நடக்கும்போது, 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்' என்ற குறள் எனக்கு வகுப்பில் தானாகவே வாயில் வந்துவிடும்.

வெனிஸ் அவனை எப்படி நடத்தியது என்பதைக் கட்டுரை விட்டுவிட்டது. துருக்கியக் கப்பல்கள் சைப்ரஸை நோக்கி வருகின்றன என்ற செய்தி வந்த அதே இரவில்தான் டெஸ்டிமோனாவின் தந்தை பிரபான்ஷியோ, தன் மகளை ஒதெல்லோ மந்திரம் வைத்து மயக்கிவிட்டான் என்று வழக்கோடு வந்து நிற்கிறார். ஒதெல்லோவை வீட்டுக்கு அடிக்கடி அழைத்து அவன் வாழ்க்கைக் கதையைக் கேட்டு மகிழ்ந்தவர் அவரேதான். விருந்தாளியாக இருந்தவரை நிறம் அவருக்கு உறுத்தவில்லை, மருமகன் ஆனதும்தான் உறுத்தியது. அரசவைக்கோ தளபதி தேவை, ஆகவே வழக்கு ஒதெல்லோவின் பக்கம் தீர்கிறது. புயலில் துருக்கியக் கப்பல்கள் சிதறிப் போர் இல்லாமல் போனதும், அவனைத் திரும்ப அழைத்துக் காசியோவை அந்த இடத்தில் அமர்த்தும் கடிதம் வெனிஸிலிருந்து வந்துவிடுகிறது. வழக்கு நடந்த அன்று பிரபான்ஷியோ போகும்போது ஒதெல்லோவிடம் சொன்ன வார்த்தை, தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றக்கூடும் என்பது. மூன்றாம் அங்கத்தில் இயாகோ எடுத்து வீசுவது அதே கல்லைத்தான்.

நிறம் வெளிப்பூச்சு என்பது மேடை வரலாற்றோடும் ஒட்டவில்லை. 1833இல் லண்டன் கோவென்ட் கார்டனில் கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் ஒதெல்லோவாக நடித்தபோது, சில பத்திரிகைகள் அவர் நடிப்பைவிட அவர் தோலைப் பற்றியே எழுதின. தென்னாப்பிரிக்காவில் இனவொதுக்கல் ஆட்சி நடந்துகொண்டிருந்த 1987இல் ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் ஜேனட் சுஸ்மன் இயக்கத்தில் ஜான் கனி அந்த வேடத்தை ஏற்றார். கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் கணவன் மனைவியாக நிற்கும் அந்த மேடையில் எதைப் பூச்சு என்று கழுவிவிடுவது?

இறுதியாக ஒரு திருத்தம். ஒதெல்லோ மனைவிக்குப் பரிசளித்த கைக்குட்டையைத்தான் இயாகோ அவளுக்கு எதிரான பொய்ச் சாட்சியாக்குகிறான். டெஸ்டிமோனாவின் கவனக்குறைவால் அந்தக் கைக்குட்டை தொலைந்தது என்று கட்டுரையில் இருக்கிறது. எமிலியாவும் இயாகோவிடம் அப்படித்தான் சொல்கிறாள். அவள் கண்ணுக்கு அப்படிப்பட்டது போலும். மேடையில் நாம் பார்ப்பது வேறு. நெற்றி வலிக்கிறது என்கிறான் ஒதெல்லோ. தூக்கம் கெட்டதால் இருக்கும், இறுகக் கட்டிவிடுகிறேன், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று டெஸ்டிமோனா தன் கைக்குட்டையை எடுக்கிறாள். உன் துணி மிகச் சிறியது என்று அவன் விலக்க, அது தரையில் விழுகிறது. அது கிடக்கட்டும், வா, உள்ளே போகலாம் என்கிறான். உங்களுக்கு உடம்பு சரியில்லையே என்று வருந்திக்கொண்டே, கீழே பார்க்காமல் அவளும் அவனோடு போகிறாள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.