1749-இல் ஏது 303 ரைஃபிள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் நடித்த தேவிக்கோட்டைப் போர் நாடகத்தின் படத்தை உங்கள் நாளிதழில் பார்த்தேன். தலைப்பாகை, உடுப்பு எல்லாம் அருமை. கையில் இருப்பது மட்டும் பிற்காலத்துப் பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான 303 ரைஃபிள் மாதிரி. கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த அந்தக் கோட்டையைத் தஞ்சை மன்னர் பிரதாப சிங்கிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிப் படை அதிகாரிகளான லாரன்ஸும் கிளைவும் பிடித்தது 1749-இல். 303 வருவதற்கு அப்போது இன்னும் ஏறக்குறைய 140 வருஷம் இருந்தது.

நாடகங்களுக்கு மரச் சாமான் செய்து தரும் தச்சன் நான். துப்பாக்கி கேட்டு வருகிறவர்கள் செல்போனில் ஏதோ ஒரு படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ என்கிறார்கள். எந்த வருஷம், யாருடைய படை என்று கேட்டால் பதில் இருக்காது. அது தெரியாமல் எப்படி மரம் அறுப்பது?

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டிய கதை என்றால் திரித் துப்பாக்கி. புகைந்துகொண்டிருக்கும் திரியை ஒரு கொக்கி கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் திரி வெடிமருந்துக் கிண்ணியில் போய்த் தொடும். ஐப்பசி மழையில் திரி நனைந்தால் அவ்வளவுதான். பாளையக்காரர் ஆட்களிடம் 18-ஆம் நூற்றாண்டிலும் பெரும்பாலும் இதுதான்.

தேவிக்கோட்டைக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அது பொருந்தாது. அவனுக்குச் சக்கிமுக்கிக் கல் வைத்த மஸ்கட், அதாவது நீண்ட குழல் துப்பாக்கி. தோல் துண்டு சுற்றிய கல்லைச் சுத்தியலின் இரண்டு தாடைகள் இறுக்கிப் பிடித்திருக்கும். எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் கல் உரசும்போது பொறி கிண்ணியில் விழும். தாடையும் தகடும் இல்லாமல் செய்தால் அது வெறும் தடி. குழல் மட்டும் 46 அங்குலம், முழு நீளம் ஐந்தடிக்கு மேல். பிள்ளைகளுக்காகக் குறைக்கிறீர்களா, சரி, மரக் கட்டை, குழல், பொறி உண்டாக்கும் பூட்டு எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். குழலை மட்டும் வெட்டினால் பார்க்கச் சகிக்காது. கறுப்புப் பெயிண்டும் வேண்டாம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய் குழலைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பான். கட்டைக்கு நம் பூவரசு போதும், வைரம் பாய்ந்த மரத்தின் நிறமே அழகு.

இன்னொன்று. ‘நிஜமாகவே வெடிக்கிற மாதிரி செய்து கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். முடியவே முடியாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். அதைவிட, பிள்ளைகள் கையில் அது எதற்கு? சத்தம் வேண்டுமென்றால் ஒலிபெருக்கியில் போடுங்கள்.

நாடகம் போடும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கதை நடக்கும் வருஷத்தையும் படையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒரு மாதம் முன்னதாகத் தச்சரிடம் கொடுங்கள். விழாவுக்கு முதல் நாள் வந்து நின்றால் 303-தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
நாடகச் சாமான் செய்யும் தச்சர்,
மயிலாடுதுறை.